சாமைக்கு விற்ற நிலம்

1987 செப்டம்பர் 15, செவ்வாய்

காலையில் தூறல். அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். வீட்டுப் பத்திரம். ரிஷிவந்தியம் நிலம் இரண்டு ஏக்கர். கல்வராயன் அடிவாரத்தில் முக்கால் ஏக்கர். சொசைட்டிக் கடன் நோட்டீஸ் இரண்டு. உரக்கடைச் சீட்டு. ஒரு கால் உடைந்த மூக்குக் கண்ணாடி.

அம்மா போய் ஆறு வருஷம். இப்போது அப்பாவும். வாரிசு அண்ணனும் நானும்தான்.

அண்ணன்: "கடன் பூரா நான் அடைச்சிக்கறேன். உன் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுடு."

சரி என்றேன். வியாழன் பதிவு. வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு எழுத வேண்டும். தேங்காய் எண்ணெய் இல்லை.

செப். 17, வியாழன்

பஸ் இல்லை. ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இடஒதுக்கீடு கேட்டு மறியல், ஒரு வாரமாம். பதிவு தள்ளிப்போனது. அண்ணனும் மறியலுக்குக் கிளம்பினான். "நம்ம பங்க நாமதான் கேட்டு வாங்கணும்" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

அப்பாவின் வேட்டிகளைத் துவைத்தேன். ஐந்து. யாருக்கென்று தெரியவில்லை.

செப். 20, ஞாயிறு

வெயில். வெள்ளிமலையிலிருந்து சின்னசாமி. இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறார், கால் வீங்கியிருந்தது. அப்பா செத்தது சந்தையில்தான் தெரிந்ததாம்.

அடிவார நிலம் அவருடையது, அப்பாவிடம் வாங்கியது என்கிறார். "வெலைக்கு மூணு வெள்ளாம சாமையாவே அளந்தேங்க. அப்புறம் எழுதிக்கலாம், அப்புறம் எழுதிக்கலாம்னே சொல்லிக்கினு இருந்தாருங்க. அங்கதாங்க பயிர் வெச்சிக்கினு இருக்கறேன்."

அண்ணன்: "பேப்பர் இருக்குதா?"

"இல்லீங்க."

"பேப்பர் இல்லாம வந்து நின்னா இன்னா பண்ண முடியும்?"

அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அந்த வீங்கிய காலோடு கிளம்பிவிட்டார்.

சாமை மூட்டைகள் இறங்கியபோது நான் இந்த வீட்டில்தான் இருந்தேன். அளந்தது அப்பா. இடம் ஒதுக்கியது நான். வாய் திறக்கவில்லை. ஏன்?

செப். 22, செவ்வாய்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அந்தச் சாமைய நானும் தின்னேன்ணா, நீயும் தின்ன. அவருக்கு எழுதிக் குடுக்காம நான் எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்."

"உனக்கு இன்னாத்துக்கு அது? உன் கல்யாணத்துக்கு நக போடல? எல்லாம் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. ஆனால் பேப்பர் இல்லை என்று சின்னசாமியிடம் சொன்ன அண்ணனின் வாய், நான் கையெழுத்துப் போட்டபின் என்னிடமும் சொல்லும்.

அண்ணி எனக்குச் சோறு போட்டாள்.

செப். 24, வியாழன்

பஸ் விட்டார்கள். அண்ணன் காலையில் தானாகவே, "அந்த மலக்காரருக்கு ஆள் சொல்லி அனுப்பு" என்றான். வெள்ளிமலை ஜீப் டிரைவரிடம் சொன்னேன்.

செப். 28, திங்கள்

மூடாப்பு. ரிஜிஸ்டர் ஆபீஸ். சின்னசாமியின் பத்திரம் முதலில். நானும் அண்ணனும் கையெழுத்து, அவர் கைநாட்டு. எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மை விரலை வேட்டியில் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

பத்திரம் எழுதுகிறவர் என்னிடம்: "அடுத்து உங்க விடுதலைப் பத்திரமுங்களா?"

"அது வேணாங்க. நெலத்துல பாதி எனக்கு. சொசைட்டி, உரக்கட, எல்லாக் கடன்லயும் பாதி எனக்கு. அப்படியே எழுதுங்க."

அண்ணன் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, எங்கே கையெழுத்து என்று அவரிடம் கேட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் முன்னால், நான் பின்னால். சில்லறையை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "முன்னால அவரு எடுத்துட்டாரும்மா."