காவ்யாவின் சனிக்கிழமை ஆட்டம்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உன் தங்கை காவ்யா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அக்காவை ஸ்பீக்கரில் போடு என்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு விசைத்தறி ஷெட்டில் வேலை அதிகம். எனக்கு முட்டி வலி கூடிவிட்டது. படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுகிறேன்.

நீ கல்லூரியில் ஆரம்பித்த த்ரோபால் கிளப் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் பாதி, நம் காவ்யா மாதிரி மனவளர்ச்சி குறைந்த பெண்கள் பாதி என்று அணிகளைக் கலந்து பிரித்தாயே, அப்போது பன்னிரண்டு மாணவிகள் வந்தார்கள். சான்றிதழ் கொடுத்ததும் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியை அமுதா மேடம் தனியாக எவ்வளவு நாள் இழுப்பார்? போன மாதம் இரண்டு சனிக்கிழமை மைதானத்து கேட் பூட்டியிருந்தது. காவ்யா ஷூ போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். வீட்டுக்கு வா என்றால் வரவில்லை.

கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போய், காலையிலிருந்து மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார். “ஆண்டு விழாவுல உங்க பொண்ணுங்களுக்கு சால்வை போட்டோமேம்மா” என்றார். “சால்வை வேணாங்க சார். சனிக்கிழமை கேட்டைத் தொறந்து வுடுங்க, போதும்” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. மார்ச் வரைக்கும் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் மறுபடி போய் அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

நேற்று ஆட்டம் நடந்தது. காவ்யா மூன்று முறை பந்தை விட்டாள். அவள் அணியில் ரோஸி என்று இரண்டாம் ஆண்டுப் பெண். “பந்தைப் பாக்காம எங்கடி பாத்துகினு கீறே?” என்று கத்திவிட்டாள். காவ்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று உள்ளே போனேன். “நீ போம்மா, ஆட்டம் முடியல” என்று என்னைத் தள்ளிவிட்டாள் காவ்யா. கொஞ்ச நேரத்தில் ரோஸி எறிந்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. உடனே இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீ மட்டும் ஒழுங்கா போட்டியா?” என்று கேட்டாள். “தப்புதான், வுடு” என்றாள் ரோஸி. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவளைப் பாவம் என்றார்கள், இல்லையென்றால் விரட்டினார்கள். கூட ஆடுகிறவள் என்று நினைத்துத் திட்டிய முதல் ஆள் ரோஸிதான். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஏம்மா என்றாள் காவ்யா. முட்டி வலி என்றேன்.

இன்னொன்று எழுத வேண்டும். உன் கல்யாணத்தன்று அவளை தேசூரில் சித்தி வீட்டில் விட்டுவைத்தோம். நானும் ஒப்புக்கொண்டதுதான், உன்மேல் குறை சொல்லவில்லை. தங்கை இருப்பதை மாப்பிள்ளையிடம் சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றாய். ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, நான் எங்கேம்மா என்று கேட்கிறாள். பதில் சொல்லிச் சொல்லி நான் களைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை இருக்கிற மாதிரி லீவு போடு. மாப்பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. பெரிதாக விளக்க வேண்டாம். இவள் என் தங்கை என்று மட்டும் சொல்.

நீ, மாப்பிள்ளை, காவ்யா, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
பரிமளா