கியரில் நின்ற வண்டி

கோபத்திலும் கொஞ்சலிலும் ‘ஏட்டி’ என்றே கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. நீ போன பிறகு வருகிற இரண்டாவது சாரல். போன வருடம் நான் மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. இன்று திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நாம் வண்டி வாங்கிவிட்டோம்.

‘நாம்’ என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை.

உன் பழைய டீசல் வண்டியைப் போன மாதம் சுரண்டைக்காரர் ஒருவர் உதிரிபாகங்களுக்காக எடுத்துப்போனார். கோபித்துக்கொள்ளாதே. அது கடைசிக் காலத்தில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் தருவதற்கே முனகியது. மூன்று நாள் ஓடினால் நாலாம் நாள் படுத்துக்கொண்டது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுத்தான் போனது. செல்வி அதில்தான் ஓட்டிப் பழகினாள்.

ஆமாம், உன் பெண்டாட்டிதான். என்னோடு பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவளைக் கட்டிக்கொண்டு, ‘இனிமே மதினின்னுதான் கூப்பிடணும்’ என்று எனக்குச் சட்டம் போட்டாயே, அவள். இப்போது லைசென்ஸ் இருக்கிறது, மஞ்சள் போர்டு வண்டி ஓட்டலாம். உனக்கு ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கு இன்னும் தீரவில்லை.

நம் அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர், மூன்று டீச்சர், ஒரு நர்ஸ், மாதச் சவாரிக்கு அவளைக் கேட்டார்கள். தொகை பேசி முடித்தாயிற்று. பெட்ரோல் விலை ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. பெட்ரோலோ நீ விட்டுப்போன இடத்தில் இல்லை. கேரளாவில் இன்னும் கூடுதல் என்பதால் அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் செங்கோட்டைப் பக்கம் வந்து நம் பெட்ரோல் பங்குகளில் வரிசை நிற்கின்றன. நமக்குத்தான் போய் நிற்க வேறு மாநிலம் இல்லை.

நர்ஸக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “செல்வி, நீ ஓட்டுதது எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா ரெண்டு நாளு வண்டி வரலைன்னா வேற வண்டி பாத்துக்கிடுவோம், வருத்தப்படக் கூடாது.” சவாரி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். திருப்பூரில் இருக்கிற செல்வியின் அண்ணன் பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருக்கிறார். அவள் போனால் உன் மகள் யாழினியும் போவாள். நம் வீட்டில் அம்மாவும் நானும் மிச்சம் இருப்போம். ஆக, நல்ல மைலேஜும் தரவேண்டும், வழியில் நிற்கவும் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பிள்ளை நம் வீட்டில் இருக்காது.

தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். “நீதான் எல்லாத்தையும் படிக்கியே, இதையும் படிச்சுச் சொல்லு” என்றாள் செல்வி. படித்தேன் அண்ணே. வண்டியோடு வருகிற கையேட்டைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதை அப்படிப் படித்த முதல் ஆள் தென்காசி வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். கட்டம் போட்டு எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். “ஏட்டி, வண்டி வாங்கப் போறோமா, வண்டிக்குப் பரீட்சை வைக்கப் போறோமா?”

பரீட்சைதான். நீ வைப்பாயே, அதே புளியறைப் பரீட்சை. இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிற யாரும் விடாதது. ஆளை நிறைய ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுவிட்டு, செக்போஸ்ட் தாண்டி அந்த வளைவுகளில் கோட்டைவாசல் வரை ஏறிப் பார்ப்பது.

முதலில் தரகர் அண்ணாச்சி ஒரு ஏழு சீட்டு டீசல் வண்டியைக் கொண்டுவந்தார். “சீசனுக்குக் குத்தால ட்ரிப் அடிச்சாலே போதும் தாயி, லிட்டருக்கு இருபது தரும்” என்றார். அம்மாவுக்கு அதன் அகலம் பிடித்துவிட்டது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த பரோட்டாக் கடையில் தண்ணீர் வாங்கி வந்து, சூடு தணியக் காத்திருந்தோம். “வண்டிக்கும் தாகம் எடுக்கும்லா?” என்றார் அண்ணாச்சி. “எங்க டீச்சரம்மாளுக்கு எட்டரைக்கு பெல் அடிச்சிரும் அண்ணாச்சி” என்றாள் செல்வி. அதோடு அது முடிந்தது.

இரண்டாவது, கடையத்தில் ஒரு ரிட்டயர்டு போலீஸ் ஏட்டையாவின் வெள்ளை நிறச் சின்ன பெட்ரோல் வண்டி. ஒரே கை ஓட்டியது. சர்வீஸ் பில்களை நூல் கட்டி வைத்திருந்தார். விற்கிறவர் அவர், ஆனால் விசாரணை எங்களுக்கு நடந்தது. “யாரு ஓட்டுவா? வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?”

“நான்தான் ஓட்டுவேன். ஆம்பளை குத்தாலத்துல நிக்காரு” என்றாள் செல்வி. அவள் அப்படித்தான் சொல்லுகிறாள், நீ இன்னும் சவாரியில் இருக்கிற மாதிரி. அவருக்குப் புரியவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைலேஜ் அளக்க, தென்காசியில் ஒரு பங்கில் டேங்க் வாய்வரை நிரப்பினோம். காற்று வெளியேற வண்டியை ஆட்டவேண்டும் இல்லையா? அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இடையில் யாழினி, பிடித்து ஆட்டினோம். பின்னால் நின்ற கேரள வண்டிக்காரர் தலையை நீட்டி, “சேச்சீ, எந்தா இது, தொட்டிலா?” என்றார். ஏட்டையா விறைப்பாக நின்று, “டெஸ்ட்டு நடக்கு, வெயிட் பண்ணும்” என்று உத்தரவு போட்டார். பழக்கம் போகாது.

செல்வி ஓட்டினாள், முன்னால் ஏட்டையா, பின்னால் நாங்கள் மூவரும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில், அடம்பிடிக்காமல், சத்தம் உயராமல் அந்தச் சின்ன வண்டி ஏறியது. நான் பாட்டில் தண்ணீரைக் கையில் வைத்திருந்தேன். இந்தப் பாட்டில் அளவு எண்ணெய், ஐந்து உயிரையும் ஒரு இரும்புப் பெட்டியையும் மலை மேல் தூக்கிக்கொண்டு போகிறது. இதற்கு முன் ஆயிரம் தடவை இந்த வழியில் போயிருக்கிறேன், ஒரு தடவையும் எனக்கு இது தோன்றியதில்லை. விலை ஏறியதால் வந்த ஞானம் என்று நீ கேலி செய்வாய். இருக்கட்டும். உடம்பு சிலிர்த்தது நிஜம்.

கோட்டைவாசலில் திருப்பினோம். இறக்கம் தொடங்குகிற இடத்தில் செல்வியின் கை தானாகக் கியருக்குப் போனது. நியூட்ரல். நீ எப்போதும் செய்வது. ‘மலை சும்மா எறக்கிவிடுது, நாம எதுக்குட்டி எண்ணெயை எரிக்கணும்?’ என்பாய்.

“கியர்ல விடும்மா!” என்று ஏட்டையா அலறினார்.

“எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் எறக்குவாரு.”

“அவரு எறக்கினா எறக்கட்டும். என் வண்டிய எறக்கக் கூடாது.”

“ஏன் எறக்கக் கூடாது?”

“கூடாதுன்னா கூடாது. டிப்பார்ட்மெண்ட்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தது.”

செல்வி ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இந்த வண்டியும் போச்சு என்று நினைத்தேன். அவளுக்கு அது மைலேஜ் விஷயம் இல்லை அண்ணே. உன்னிடமிருந்து அவள் எடுத்துவைத்திருக்கிற சிலவற்றில் அந்த நியூட்ரலும் ஒன்று.

கையேட்டில் படித்ததை நான் மெதுவாகச் சொன்னேன். இந்தக் காலத்து வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எண்ணெய் போவதே நின்றுவிடும். சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் முதலில் ஓட்டிப் பழகியது, எண்ணெய் அப்படித் தானாக நிற்காத பழைய கார்புரேட்டர் வண்டி. அதற்கு அண்ணன் செய்தது சரி என்றேன்.

“புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான்” என்றாள் செல்வி, முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் சொன்னேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை.

அன்று ஐந்தருவி ரோட்டு இறக்கத்தில், விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு நீ வந்துகொண்டிருந்தாய். ‘ஒரு நிமிசம் இருங்க சார், வண்டிய ஓரங்கட்டிக்கிடுதேன்’ என்றாயாம். நீ ஏதோ போன் பேசப்போகிறாய் என்றே அந்தக் குடும்பத்துப் பெரியவர் நினைத்தாராம், பிறகுதான் நீ ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தாராம். கருமாதிக்கு வந்தபோது இதைச் சொல்லி அழுதார். அவ்வளவுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மெக்கானிக்கோடு வண்டியை எடுக்கப் போனது நான். கைபிரேக்கை இறக்கிவிட்டு அவர் தள்ளிப்பார்த்தார், அசையவில்லை. உள்ளே குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். “யம்மா, முத கியர்ல நிக்கு. அண்ணன் போட்டது போட்டபடியே இருக்கு. நான் எடுக்கவா, நீ எடுக்குதியா?”

கீழே, வளைவு திரும்பினால், ஈரத்துணியும் எண்ணெய்த் தலையுமாகக் குளிக்கப் போகிற கூட்டம். நெஞ்சு வெடிக்கிற அந்த நேரத்தில் நீ ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்து, சாவியை அணைத்து, அது போதாதென்று கியரும் போட்டிருக்கிறாய். வாழ்நாள் எல்லாம் இறக்கத்தில் நியூட்ரலில் வந்தவன். சேமிப்பதற்கு ஒரு நேரம், பிடித்து நிறுத்துவதற்கு ஒரு நேரம் என்று உன் கைக்கு யார் சொன்னது? எத்தனையோ மனிதர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அன்று ரோட்டோரத்தில் அந்தக் கியருக்கு முன்னால் நின்ற மாதிரி எந்தப் பக்கத்தின் முன்னாலும் நின்றதில்லை.

நான்தான் எடுத்தேன். மெக்கானிக் சொன்னபடி கிளட்சை மிதித்துக் கியரை விடுவித்தேன். நீ கடைசியாகச் செய்துவைத்ததைக் கலைத்தது என் கை. அதனால்தான் சொல்ல முடியவில்லை.

ஏட்டையா தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். “குத்தாலத்துல நிக்காருன்னியே தாயி...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

“ஏன்ட்டி இத்தன நாளா சொல்லல?” என்றாள் செல்வி.

“எப்படிச் சொல்ல?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “கியரு போட்டாராக்கும்” என்றாள், ஏதோ உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி. “எனக்கு மட்டும் நியூட்ரல் சொல்லித் தந்துட்டு!” அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

செல்வி இரண்டாம் கியரில் வண்டியை விட்டாள். காலை எடுத்தாள். முன்னால் இருந்த சின்னத் திரையில், அந்த நேரத்து மைலேஜைக் காட்டுகிற எண், கடகடவென்று ஏறி, அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் போய் நின்றது. ஒரு சொட்டும் எரியவில்லை என்று அர்த்தம். மலை சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, ஐந்து பேரும் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருக்கிறோம். “அத்தே, நம்பர் ஓடல, வண்டி ஓடுது!” என்றாள் யாழினி. மேற்கே மேகம் இறங்கி மரங்களை மூடியிருந்தது. நீ சொன்னது பாதி சரி அண்ணே. மலை சும்மாதான் இறக்கிவிடுகிறது. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிடுகிறது.

அதே பங்கு, அதே பம்பு. மறுபடி வாய்வரை நிரப்பியபோது, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போய்வந்ததற்கு இரண்டரை லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. இறங்கும்போது ஏட்டையா செல்வியைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: “காலையில ஸ்டார்ட் பண்ணி அரை நிமிசம் விட்டு எடு தாயி.” வண்டியைக் கொடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டோம்.

நேற்று மாலை அதை நம் வீட்டு வாசல் சரிவில் நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்தாள், சாவியை அணைத்தாள், பிறகு, யாரும் சொல்லாமல், முதல் கியரைப் போட்டாள். கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்திருந்துவிட்டு, “திங்கக்கிழமை காலையில நீ வந்து கியர எடுத்துவிடு” என்றாள் என்னிடம்.

முதலில் விளங்கவில்லை. நீ போட்டதை நான் கலைத்தேன் என்று இரண்டு வருடம் என் கையை நானே வெறுத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உருண்டு போகக் கூடாதென்று ஒருவர் போட்டது, கிளம்பவேண்டும் என்றால் இன்னொருவர் எடுக்கத்தானே வேண்டும்?

திங்கட்கிழமை ஏழு மணிக்கு, முதல் சவாரிக்கு, எடுத்துவிடுவேன் அண்ணே. அதன் பிறகு நானும் ஓட்டக் கற்றுக்கொள்வேன். செல்விக்குக் காய்ச்சல் வந்தாலும் நம் சவாரி ஒரு நாளும் நிற்காது, யாழினி இந்த வீட்டில்தான் வளர்வாள். எந்தச் சரிவில் நிறுத்தினாலும், நீ நிறுத்தின மாதிரியே நிறுத்துவேன்.

உன் தங்கச்சி,
நீ ‘புஸ்தகம்’ என்று கேலி செய்த வேணி