பச்சைக் கித்தான்

ஆவணி 26, வெள்ளி

வெள்ளிமலை. விடியலிலிருந்து காற்றும் மழையும். விறகு ஈரம், காப்பி இல்லை.

நேற்றைய கேம்ப் நாசம். இந்த மலையில் பாதி ஊரில் ஊசி போட நாலு சுவர் கிடையாது. டென்ட்தான் ஆஸ்பத்திரி, நான்தான் நர்ஸ், நான்தான் கம்பு பிடிக்கிறவள். பழைய வெள்ளைத் துணி காற்றில் நடுவாக்கில் கிழிந்தது. கம்பு சரிந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் மண்டையில். ஒரே ரத்தம். தையல் போட்டேன். அவள் புருஷன் அதே கம்பைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தான். நானாக இருந்தால் அடித்தே இருப்பேன்.

டாக்டர்: "கமலா, நீயே சேலம் போய்ப் புது டென்ட் பார்த்து வாங்கு. எல்லாக் காலமும் தாங்கணும்."

பார்க்கவேண்டியவை:
கித்தான் (டென்ட் துணி) கனம், நூல் நெருக்கம்
கயிறு மாட்டும் கண் பித்தளையா (இரும்பு துருப்பிடித்துத் துணியைத் தின்னும்)
இரட்டைத் தையல்
தை மாசப் பனி, சித்திரை வெயில், ஐப்பசி மழை. மூன்றும்
சுருட்டினால் இரண்டு பேர் தூக்க முடியுமா

ஜீப் டிரைவரிடம் அம்மா சொல்லி அனுப்பியது: தம்பி குமரேசன் வீடு தங்குவதில்லை. பி.ஏ. முடித்து வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவன். இப்போது சங்கம், கூட்டம், கொடி. எங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்கிறார்கள். கேட்கட்டும், நானும்தான் கேட்கிறேன். ஆனால் இவனுக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். அப்பா போன பிறகு என் சம்பளத்தில் வளர்ந்தவன். யாரையாவது கொன்றுவிட்டு வருவான், இல்லை யாராவது இவனைக் கொன்று போடுவார்கள். பயமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்ல.

ஆவணி 27, சனி

வெயில். சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் குமரேசனும் கூட்டமும். பஸ் முதுகில் தாரால் எழுதிக்கொண்டு இருந்தான்கள். கண்டக்டர் கேட்டதற்குக் குமரேசன் பளாரென்று ஒரு அறை. அந்த ஆளுக்கு அப்பா வயசு, வாயோரம் ரத்தம். நான் இறங்கிப் போய் எல்லார் முன்னாலும் கு. காதைப் பிடித்தேன்.

"வுடுக்கா, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். அந்த ஆளு இன்னாடா பண்ணாரு உன்ன?"

"வியாழக்கெழமையிலேர்ந்து ஒரு வாரம் மறியல், ரோடே இருக்காது பாரு. போலீசு எங்க மேல கை வச்சான்னா நாங்களும் வைப்போம்."

கையை உதறிவிட்டுப் போய்விட்டான். சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்து, திட்டி அனுப்பினேன்.

சேலம். தார்ப்பாய்க் கடை பாய் நல்ல மனுஷர், வாய்தான் ஓயாது. மூன்று உருப்படி விரித்தார்.
1. வெள்ளைப் பருத்தி. பார்க்க லட்சணம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெயில். வேண்டாம்.
2. ரப்பர் பூசியது. மழைக்குக் கில்லாடி. உள்ளே போனால் இட்லிப் பானை.
3. பச்சை. பட்டாளத்து ஏலத்தில் எடுத்ததாம், மேலே புதிதாக மெழுகு ஏற்றியது.

மூன்றாவதை நாலு பக்கம் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆக்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். டீ வந்தது, குடித்தோம், அடியில் கை வைத்தேன். காய்ந்த துணி. தையலில் நகத்தை விட்டு இழுத்தேன், அசையவில்லை.

"கனம் கொஞ்சம் ஜாஸ்திம்மா, கவலை கம்மி. மழ வர்றதுக்கு முன்னாடி கயித்த மட்டும் தளத்தி வுட்டுடணும். நனைஞ்சா சுருங்கி முளைய புடுங்கிடும்."

மழை கேட்டேன், வெயில், காற்று, கரையான் எல்லாம் கேட்டேன். எடுத்தாயிற்று.

ஆவணி 29, திங்கள்

நைனார்பாளையம் தாண்டி எங்கள் ஊர், அம்மா வீடு. மூட்டையை இங்கே இறக்கியிருக்கிறேன். மலைக்கு லாரி வியாழக்கிழமைதான் என்கிறான் லாரிக்காரன். தம்பி அறிவுகெட்டவன், வியாழக்கிழமை ரோடே இருக்காதாம் அவனுக்கு.

களத்தில் விரித்துப் பழகினேன். உதவிக்கு அஞ்சலை. எங்கள் வயலில் வேலை செய்கிறவள், ஊருக்கு வெளியே காலனி. நான் நர்ஸ் படிக்கப் போன காலத்தில் கு.வுக்குச் சோறு ஊட்டினது இவள்தான். உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, "எங்க வூட்ட விட பெருசா கீதும்மா" என்றாள். சிரித்தோம். சிரித்திருக்கவேண்டாம்.

கு. வரவில்லை. அம்மா தினம் அவனுக்கும் சேர்த்து உலை வைத்து, மறுநாள் பழையதாக அவளே தின்கிறாள்.

புரட்டாசி 1, வியாழன்

வானம் மூட்டம். கோடாலிச் சத்தம்தான் காலையில் எழுப்பியது. ரோட்டோரப் புளியமரம் ஒவ்வொன்றாகச் சாய்கிறது. நின்ற லாரி ஒன்று எரிந்தது, ரப்பர் நாற்றம் சோற்றில்கூட. பிரசவ கேஸ் பார்க்க நடந்தே போனேன். வெள்ளைப் புடவைக்கு வழி விட்டார்கள். "நர்சம்மா போகட்டும்டா." மரத்தின் மேல் ஏறி இறங்கி முழங்கால் போயிற்று. ஆண் குழந்தை.

புரட்டாசி 2, வெள்ளி

கூட்ரோட்டில் போலீஸ் இறங்கிவிட்டது. பச்சை டென்ட் அடித்திருக்கிறார்கள். என்னுடையதும் அதுவும் ஒரே துணி, ஒரே பித்தளைக் கண். பாய் ஏமாற்றவில்லை என்று ஒரு சந்தோஷம் வேறு எனக்கு.

மத்தியானம் தடியடி. ஓடமுடியாத கிழவர்களாகப் பார்த்து வெளுத்திருக்கிறான்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முன்கை இரண்டாக. கிணற்றில் குதித்த ஒருத்தனை மேலே வரவிடாமல் கல்லால் அடித்தார்களாம். வேறெங்கோ துப்பாக்கிச் சூடு என்கிறார்கள், செத்தது யார் என்று ஆளுக்கு ஒரு பேர். ஒவ்வொரு பேருக்கும் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். கு. பேர் இல்லை. இதுவரை.

வெறி வராதா எங்கள் பையன்களுக்கு? வரும். யார் மேல் வரும் என்பதுதான்.

புரட்டாசி 3, சனி

போலீஸ் மேல் வராது. அவனிடம் துப்பாக்கி இருக்கிறது.

காலனி ஆட்கள் காலையில் மரத்தை நகர்த்தி வண்டி விட்டார்களாம், வேலைக்குப் போக. கூலி இல்லாமல் மூன்று நாள், வயிறு எத்தனை நாள் மறியல் செய்யும்? அதற்கு வாய்ச்சண்டை. சாயந்திரம் வெளியூர்க் கும்பல், எங்கள் ஊர்க்காரன்களும் உண்டு. ஒரு வரிசைக் கூரை முழுக்கக் கொளுத்திவிட்டார்கள். கட்டியிருந்த ஆடு எரிந்து கத்தின சத்தம் இங்கே கேட்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

கு. அதில் இல்லை. வேறு ஊரில் இருந்தான் என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். எவ்வளவு நிம்மதி எனக்கு! வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதி.

புரட்டாசி 4, ஞாயிறு

தூறல். காலனி ஜனம் ஏரிக்கரையில், மரத்தடியில், நனைந்துகொண்டு. அஞ்சலை, அவள் மாமியார் (நடக்கமாட்டாள்), பச்சைக் குழந்தைக்காரிகள் இரண்டு பேர், கை கால் வெந்தவர்கள்.

வீட்டில் அந்த மூட்டை சும்மா கிடக்கிறது.

ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் வழிமறித்தார். "அவங்களுக்குப் போயி கூடாரம் போடறியே கமலா, ஊரு பகை தேவையா உனக்கு?"

"கவருமெண்டு டென்ட்டுங்க. நீங்க வேணா கவருமெண்ட கேளுங்க."

ரோட்டை ஒட்டி மேடான இடம், தண்ணீர் தேங்காது. அங்கேயே அடித்தோம். கயிற்றைத் தளர்த்தி விட்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. புண்ணைத் துடைத்து மருந்து போட்டேன். பஞ்சு தீர்ந்தது, அம்மாவின் பழைய புடவையைக் கிழித்தேன். கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

புரட்டாசி 6, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். பென்சிலை விரல் நுனியில் பிடித்து.

நேற்று பொழுது சாயும் நேரம். உள்ளே அஞ்சலைக்கும் இன்னொருத்திக்கும் சண்டை, யார் எந்தப் பக்கம் படுப்பது என்று. "உன் புள்ள ராத்திரி பூரா ஒதைக்கிறான்டீ" என்று அஞ்சலை கத்தினாள். பெரிய குரல் அவளுக்கு, வயலுக்கு வயல் கேட்கும். நான் வெளியே, தண்ணீர்க் குடத்தோடு.

ரோட்டில் ஒரு கூட்டம். முகம் எல்லாம் துண்டு. முதலில் கல். "போலீசு டென்ட்டுடா!" என்று ஒருத்தன். பிறகு பாட்டில், திரியில் நெருப்பு. இரண்டு பறந்தது.

துணி மெல்ல எரியவில்லை. ஒரே நொடியில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. அத்தனையும் மெழுகு. கடையில் எல்லாம் கேட்டேன், நெருப்பைக் கேட்கவில்லை. பச்சையை எடுத்தவள் நான், ரோட்டோரம் அடித்தவள் நான். உருகின மெழுகு சொட்டு சொட்டாக முதுகில் விழ, எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து வெளியே வந்தார்கள். குழந்தைகளை வீசினார்கள், பிடித்தோம். அஞ்சலை வெளியே வந்தவள் மாமியாரைக் காணோம் என்று திரும்ப உள்ளே. நான் புடவையைப் பிடித்தேன். கையில் துணி மட்டும் வந்தது. கம்பு சரிந்து, அத்தனை பச்சையும் அவர்கள் மேல்.

கும்பல் ஓடிவிட்டது. ஒருத்தன் மட்டும் வலது கையை உதறிக்கொண்டே ஓடினான், அவன் பாட்டில் அவன் கையிலேயே பொங்கியிருக்கும். நன்றாக வேகட்டும் என்று சபித்தேன். மனதார.

கிழவி அங்கேயே போய்விட்டாள். அஞ்சலையை மாட்டுவண்டியில் போட்டுக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் வெட்டின மரம். ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டை அவிழ்த்து, அவளைத் தூக்கி, வண்டியைத் தூக்கி. தூக்கும்போதெல்லாம் தோல் என் கையோடு வந்தது.

புரட்டாசி 7, புதன்

அஞ்சலை போய்விட்டாள். விடிந்ததும். கடைசிவரை நினைவு இருந்தது.

"போலீசுன்னு நெனச்சிக்கினானுங்கம்மா. நாமன்னு தெரிஞ்சா செய்வானுங்களா? வுடுங்க."

விடுவதாம். ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். யாரும் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை, அங்கே எல்லாருக்கும் ஏதோ ஒரு சாவு.

ஏட்டு வந்து கேட்டார். முகம் தெரியவில்லை என்றேன். உண்மை.

புரட்டாசி 10, சனி

ரோடு திறந்து பஸ். வெள்ளிமலை. டாக்டர் டென்ட் எங்கே என்றார். சொன்னேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நீ ரெஸ்ட் எடு." ரெஸ்ட் எடுத்தால் அந்த மெழுகு வாசனை வருகிறது. ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கு. பற்றிச் சேதி இல்லை. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

புரட்டாசி 11, ஞாயிறு

பனி, எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. பின்வாசலில் குமரேசன்.

உயிரோடு. கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட பிறகுதான் நாற்றம். வலது கையில் அழுக்குத் துண்டு, சீழ். மலையில் நாலைந்து நாளாக ஒளிந்திருக்கிறான்.

உட்காரவைத்தேன். வெந்நீர் ஊற்றித் துண்டை நனைத்து நனைத்து எடுத்தேன். நெருப்புக் காயம், மணிக்கட்டு வரைக்கும். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"போலீசு டென்ட்டுன்னு நெனச்சோம்க்கா. ஏரிக்கர கிட்ட."

"அது என் டென்ட்டு. அஞ்சலை செத்துட்டா. அவ மாமியாரும்."

அழுதான். தேம்பித் தேம்பி, சின்னப்பிள்ளையாக. தெரியாமல் நடந்துபோயிற்று என்றான் திரும்பத் திரும்ப. அஞ்சலையும் அதைத்தானே சொன்னாள். எனக்கும் அவன் தலையைத் தடவத்தான் கை போயிற்று. ஆனால் அந்தச் சண்டை என் காதை விட்டுப் போகவில்லை.

"உள்ள பொம்பளைங்க கத்திக்கினு இருந்தாங்களே. அஞ்சலை குரலு ரோடு வரைக்கும் கேக்குமே. உனக்குக் கேக்கலியா?"

அழுகை நின்றது. தரையைப் பார்த்தான். அடுப்பில் ஊசி கொதிக்கிற சத்தம்.

"கேட்டுச்சு."

"அப்பறம்?"

"கைய ஓங்கிட்டேன்க்கா. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க."

செத்த தோலை வெட்டினேன், மருந்து தடவினேன், விரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றினேன். கட்டு நன்றாகவே வந்தது. கஞ்சி ஊட்டினேன், அவனால் கையைத் தூக்க முடியவில்லை. வலி மாத்திரை கொடுத்தேன். என் கட்டிலில் தூங்குகிறான், வாயைத் திறந்தபடி.

இரண்டு கதவுக்கும் வெளியே தாழ் போட்டுவிட்டேன். மனசு திண்டாடும், எழுதிவிட்டால் மாறாது என்று இதை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த மலை ஸ்டேஷன் ஏட்டு ஜீப்பில் கீழே போவதற்குள் அங்கே போய்ச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது, பரவாயில்லை.