அமெரிக்காப் பாலும் அத்தானின் சாயாவும்

ஆடி 4, திங்கள்

விடியற்காலை முதல் மழை. விறகெல்லாம் ஈரம். பசு வற்றி ஒரு மாதம். என் மகள் செல்லத்துக்குக் காய்ச்சல் விட்டும் கால் ஊன்றவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, தூக்கினால் கனமே இல்லை. வைத்தியர் சொன்னது ஒரே சொல்: பால். வீட்டுக்கு விலைப் பால் ஒரு செம்பு வருகிறது. அது புருஷனுடைய அண்ணனுக்கு, அத்தானின் சாயாவுக்கு.

தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்தில் அமெரிக்காப் பால்பொடி. நோயாளிப் பிள்ளைகளுக்கும் உண்டாம். நனைந்துகொண்டே போய் வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் கொட்டியதில் எல்லாம் உருண்டை. முதலில் பச்சைத் தண்ணீரில் குழைக்க வேண்டுமாம்.

இவர் தமிழ்நாட்டோடு சேரும் எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனதிலிருந்து வீட்டில் இவருடைய அண்ணன் ராஜ்ஜியம். சாயங்காலம் அத்தான் மோப்பம் பிடித்துவிட்டார்.

"அமெரிக்காக்காரனுக்க பொடி நம்ம அடுக்களையிலயா? அவன் பன்னிக்குப் போடுததாக்கும் அது. இங்கிலீஷ்காரன்னா ஒரு முறை உண்டு. மேசை உண்டு, கரண்டி உண்டு. இவன் நின்னுட்டே தின்னுவான், நாளெல்லாம் அசை போடுவான்."

நாக்குத் துடித்தது. புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவர் பெண்சாதியான அக்காவிடம் சொல்ல வேண்டும். அக்கா தன் புருஷனிடம் சொல்வாள். பாவம், பாதியை விழுங்கிவிடுவாள்.

அத்தான் எந்த அமெரிக்கனைக் கண்டார்? திருவனந்தபுரத்தில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கினவர். துரை காரில் போவதை வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய சீமை. தகர டப்பா சீமை பிஸ்கட்டில் முட்டை உண்டா என்று இந்தச் சைவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆடி 6, புதன்

வெயில். துணி உலர்ந்தது. உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் தீர்ந்தாச்சு.

இவருடைய கூட்டாளி தங்கையன் வந்தான். அவனுக்கு வேறு நியாயம். "அமெரிக்காக்காரன் நல்லவனோ கெட்டவனோ, கெடக்கட்டு. திருவனந்தபுரம் சர்க்காரு கையால வாற பால் நமக்கு வேண்டாம் மதினி. நாம தமிழ்நாட்டுக்குப் போறவங்களாக்கும்."

"ஒங்க அண்ணன் செயிலுல யாருக்க கஞ்சியக் குடிக்காவ?" என்றேன். தலையைச் சொறிந்தான். செல்லத்தைத் தூக்கிப் பார்த்தான்.

ஒருவருக்குச் சீமை பெரிசு, ஒருவனுக்கு எல்லை பெரிசு. எனக்குப் பிள்ளை. கொடுப்பேன். எவர் தடுத்தாலும் கொடுப்பேன்.

ஆடி 8, வெள்ளி

எல்லைப் போராட்டத்துக்காகக் கடையடைப்பு. பஸ் இல்லை. பால்காரனும் வரவில்லை. நாலு மணிச் சாயா தவறினால் அத்தான் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அக்கா என்னைப் பார்த்தாள். செல்லத்துக்குக் காய்ச்சி வைத்த பாலைப் பார்த்தாள். மொத்தத்தையும் ஊற்றிச் சாயா போட்டாள்.

அத்தான் பிஸ்கட்டை முக்கினார், உறிஞ்சினார். "இன்னைக்குத்தான் சாயா சாயாவாட்டு உண்டு. சீமையில இப்படித்தான் போடுவாங்களாக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தரையில் உட்கார்ந்திருந்த செல்லம் வெறும் டம்ளரோடு சேலையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"அத்தான், அது அமெரிக்காப் பாலாக்கும். இவளுக்குக் காய்ச்சினது."

அக்கா சுவரோடு ஒட்டினாள். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "கேட்டியா, இவ எங்கிட்ட நேரிட்டுப் பேசுதா," என்றார் அக்காவிடம்.

"இனியும் பேசுவேன். நாளை முதல் செம்புப் பால் பிள்ளைக்கு. அத்தானுக்குப் பொடி போதும், ருசி பிடிச்சாச்சுல்லா."

மிச்சச் சாயாவையும் குடித்துவிட்டுத்தான் அத்தான் எழுந்தார்.