கூண்டை எங்கே திறப்பார்

செல்லப் பெண்ணே,

நீ பெங்களூருக்குத் திரும்பிய பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டதுமே லீவு போட்டுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்தில் எலிகள் மரவள்ளியைத் தோண்டிப் போடுகின்றன. பக்கத்து வீட்டு ஷிஜா விஷ உருண்டை கொண்டுவந்தாள். "எலிக்காய்ச்சல்லே மாமாவே போயாச்சு, இனியும் எதுக்கு மாமி கூண்டு? இதை வெச்சா போதும், கேட்டோ" என்றாள். நான் வாங்கவில்லை. கிணற்றடியில் கீரி குட்டி போட்டிருக்கிறது. விஷம் தின்ற எலியை அது தின்றுவிடும் என்றுதானே அப்பா கூண்டே வைத்தார்.

நேற்று தேங்காய்ச் சில்லைச் சுட்டு, அவர் வைக்கிற இடத்திலேயே வைத்தேன். காலையில் ஒன்று அகப்பட்டிருந்தது. பயப்படாதே, அவருக்கு நீ வாங்கித் தந்த கையுறையைப் போட்டுக்கொண்டேன். உறை பிரிக்காமலே இருந்தது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அவர் சைக்கிளில் கரமனைப் பாலம் தாண்டிப் போவார், அது தெரியும். அப்புறம் எங்கே திறந்துவிடுவார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

உன்னிடம் எப்போதாவது சொன்னாரா? தெரிந்தால் எழுது. அதுவரை எலி கூண்டிலேயே இருக்கட்டும். தேங்காய் போடுகிறேன்.

உன் அம்மா