ஈஸ்டுக்குப் போட்ட சர்க்கரை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி தணிந்ததா? நான் சௌக்கியம்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருப்பது பேராசிரியர், ஆராய்ச்சி செய்யும் மூக்குக்கண்ணாடிக்காரி, குடுவை கழுவும் நான், மூன்றே பேர். ஒரு நாள் அவள், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டைப் பட்டினி போட்டிருப்பதாகச் சொன்னாள். வாயில்லா ஜீவனாயிற்றே என்று மனசு கேட்காமல் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுவிட்டேன்.

மறுநாள் புறஊதா விளக்கடியில் வைத்தால் நீல ஒளியே இல்லை. பேராசிரியர் குதித்தார்.

"பசிச்சாத்தான் இது வித்து கட்டும்! டைரோசின்ங்கற அமினோ அமிலத்தை ரெண்டு ரெண்டா கோத்து வித்துக்கு வெளிச்சுவர் பூசும், அதுதான் நீலமா மின்னும். யாரு இதுக்கு விருந்து வெச்சது? இன்னிக்கே ஊருக்கு அனுப்பிடுவேன்!"

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவள், "சும்மா இருங்க பாட்டி" என்று என் கையைக் கிள்ளிவிட்டு, "நான்தான் சார், கை தவறிடுச்சு" என்றாள். கெட்டிக்காரப் பெண் என்று அவரும் விட்டுவிட்டார். இனி நான் உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். என் வேலையைக் காப்பாற்றினாளாம்! அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்க முடியாத ஒருத்தி அந்த மூக்குக்கண்ணாடிக்காரிதான்.