முப்பது விநாடிக்கு எட்டு முறை

மார்ச் 3, செவ்வாய்

வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். பதினோரு பேரில் பத்துப் பேருக்கு இருபத்தைந்து தாண்டவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கற்றுத்தருகிறவளுக்கே இருபத்தொன்பதுதான். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் எங்களுக்குள் அவள் பெயர் விசில். அவளும் "அக்கா, முட்டி உள்ள மடங்குது பாருங்க" என்கிறாள்.

கூப்பிடட்டும். நான்தான் அந்தச் சொல்லை வாயால் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

பகலில் பழைய வேலைதான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி, நான் ஃபோன் எடுக்கிறவள். இன்று ஒருவர் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டார். "ஆள் கிளம்பிட்டாங்க சார், கதவைத் தட்டாதீங்க, என்கூடப் பேசிக்கிட்டே இருங்க." முகம் தெரியாதவர்களைத் தைரியப்படுத்துவதில் எனக்குப் பதினாறு வருஷ அனுபவம். முகம் தெரிந்தவர்களிடம்தான் வாய் தவறிவிடுகிறது.

மார்ச் 9, திங்கள்

இன்று மானம் கப்பலேறியது. முதல் முறையாகக் குழுவுக்கு எதிரில் நின்றேன். "வலது கை மேல" என்று சொல்லி என் வலது கையைத் தூக்கினேன். பாதிப் பேர் காதை நம்பினார்கள், மீதிப் பேர் கண்ணை நம்பினார்கள். பக்கவாட்டில் ஓர் அடி வைக்கச் சொன்னதும் நடுவில் இருந்த இரண்டு பேர் நங்கென்று முட்டிக்கொண்டார்கள்.

"நீங்கதான் கண்ணாடி அக்கா. அவங்களுக்கு வலதுன்னா உங்களுக்கு இடது. எதிர்ல நிக்கிறவங்க உடம்புக்குள்ள போய் நின்னு யோசிங்க" என்றாள் விசில்.

அது அவ்வளவு சுலபமா?

மார்ச் 12, வியாழன்

ஒரு பக்கம் பலம் குறைந்தவரை எப்படி நடக்க வைப்பது. அதுதான் இன்றைய பாடம். "பலம் குறைஞ்ச பக்கம் நில்லுங்க. அரை அடி பின்னால. ஒரு கை இடுப்புப் பட்டையில. முன்னால நின்னு ரெண்டு கையையும் பிடிச்சு இழுக்கவே கூடாது. சாஞ்சாங்கன்னா பிடிக்க முடியாது."

அன்னிக்கு நான் முன்னாலதான் நின்னேன். ரெண்டு கையையும் பிடிச்சு, குழந்தைக்கு நடை பழக்குற மாதிரி நான் பின்பக்கமா நகர்ந்துக்கிட்டே, "வாங்கப்பா, இன்னும் ரெண்டே அடி"ன்னு. அப்பாவுக்கு இடது பக்கம் வராது. இடது பக்கமாத்தான் சாஞ்சார். அவர் கை என் கையிலிருந்து நழுவினது இன்னும் விரல்ல இருக்கு.

இடுப்பு எலும்பு. அப்புறம் நாலு மாசம். அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பார்த்துக்கிட்டவ அக்கா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து "இப்படி உட்கார வச்சே பழக்கினா எப்படி எழுந்திருப்பார்"னு சட்டம் பேசினவ நான். எல்லாம் முடிந்த அன்று அக்கா சொன்னது ஒரே வாக்கியம். "இனிமே என் முன்னாடி வந்து நிக்காத."

கத்தவில்லை. கத்தியிருந்தால் மறுநாளே போய்க் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னதற்கு நான் என்ன செய்ய?

இன்று பாதி வகுப்பிலேயே பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

மாதம் ஒரு முறை அத்தானைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் பார்ப்பேன். அக்காவுக்குத் தெரியாது. அக்கா என்ன சமைத்தாள், எதற்குச் சிரித்தாள் என்று சொல்வார். இன்று அவர் முகம் சரியில்லை.

அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். அக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதில்லை. மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கவே இல்லை.

"பாத்ரூமுக்கே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறா. விழுந்துடுவேன், அப்பா மாதிரி விழுந்துடுவேன்னு அதே பேச்சு."

அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

வகுப்பில் ஆளுக்கு ஒருவரை எடுத்து எட்டு வாரம் தனித்திட்டம் போட வேண்டும். வாய் தானாகச் சொல்லிவிட்டது: நான் வாராவாரம் பயிற்சித் தாள் எழுதித் தருகிறேன், நீங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்ததாகச் சொல்லுங்கள்.

"என்னைக் கொன்னே போட்டுடுவாம்மா. பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

"முதுகைக் காட்டிக்கிட்டு சொல்லுங்க அத்தான்."

மார்ச் 28, சனி

டாக்டரின் சம்மதக் கடிதத்தை அத்தான் வாங்கிவிட்டார். முதல் தாள் தயார். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், சமையல் மேடையோரமாகப் பக்கவாட்டு நடை. சனிக்கிழமைதோறும் ஒரு சோதனை: முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது. எத்தனை கடினம், பத்துக்கு எவ்வளவு. ஏதாவது சொல்ல இருந்தால் எழுத ஒரு கட்டம். கீழே பெரிய எழுத்தில்: பன்னிரண்டு முறை வந்ததும் திட்டம் நிறைவுபெறும்.

படங்களைக் கையால் வரைந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனித உருவம் வரைந்தால் கழுத்து வராது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்துவிடும். அக்கா என் பள்ளி நோட்டைப் பார்த்தால் பேனாவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கழுத்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. கம்ப்யூட்டரிலேயே படம் எடுத்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை?

தெரியாது என்று எழுதினால் இந்த நோட்டிடமே பொய் சொன்னதாகும்.

ஏப்ரல் 4, சனி

அத்தானுக்கு ஃபோட்டோ எடுக்க வராது. தாளில் எண்கள் இருக்கும் பாதி மட்டும் அனுப்பியிருக்கிறார், கூடவே அவர் கட்டைவிரல். போதும்.

நான்கு முறை. கடினம்: ஒன்பது. சொல்ல இருக்கும் கட்டம் காலி.

எண்ணை இத்தனை தடவை பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவளுடைய நான்கு அப்படியே இருக்கிறது, வால் நீண்டு.

ஏப்ரல் 11, சனி

ஆறு. கட்டத்தில் இரண்டு சொல்: "நாற்காலி ஆடுகிறது."

மூன்று வருஷத்தில் அக்கா எனக்குச் சொன்ன முதல் வாக்கியம். ஆஸ்பத்திரிக்குத்தான் சொல்லியிருக்கிறாள், சரி. இருந்தாலும் வந்து சேர்ந்த இடம் இதுதானே.

அடுத்த தாளில் எழுதினேன்: "நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடவும். அவசரமே இல்லை."

ஏப்ரல் 18, சனி

எட்டு! "நாற்காலி இப்போது ஆடவில்லை."

அலுவலகத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. லிஃப்டில் மாட்டிய ஒரு அம்மாவிடம் தேவையில்லாமல் "ரொம்ப நல்லாப் பண்றீங்க" என்று சொல்லிவைத்தேன். "நான் என்னம்மா பண்றேன், சும்மாதான நிக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 25, சனி

எட்டு.

மே 2, சனி

எட்டு. கடினம்: எட்டு. கட்டத்தில்: "மழை."

மழைக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? வலி என்றால் வலி என்று எழுத வேண்டாமா? அவள் வீட்டு ஜன்னல் மேற்குப் பார்த்தது, சாரல் உள்ளே அடிக்கும். ஜன்னலை மூடத் தனியாக எழுந்தாளா? இதையெல்லாம் கேட்கத் தாளில் இடமில்லை.

மே 4, திங்கள்

விசிலிடம் தாள்களின் கணக்கைக் காட்டினேன். மூன்று வாரமாக எட்டிலேயே நிற்கிறது, எங்கே தப்பு என்று கேட்டேன்.

"ஒண்ணு, உங்க பிளான் தப்பு. இல்லைன்னா அவங்க எழுதுறது பொய். செய்யும்போது பார்த்தா தெரிஞ்சிடுமே. நீங்க என்ன பார்த்தீங்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அப்பாவையும் சேர்த்து.

நான் அழுவேன் என்று நினைத்து அவள் ஒரு டவலை நீட்டினாள். ஆனால் குரல் இறங்கவில்லை. "பார்க்காத உடம்புக்குப் பிளான் போட்டிருக்கீங்க. இருபத்துமூணாம் தேதி தேர்வுக்கு அவங்க நேர்ல வரணும். வரலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா."

அவள் சொன்னது நியாயம். கையெழுத்து போனால் போகட்டும். இன்னும் மூன்று வாரத்தில் தாள் நின்றுவிடும், அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

மே 10, ஞாயிறு

நேற்றும் எட்டுதான். இன்று பேக்கரியில் அத்தான் அரை மணி தாமதம்.

"சாவி என்கிட்ட இருந்தது. அவ கடைக்குப் போயிட்டு வந்து வாசல்ல நின்னுட்டு இருந்தா, திரும்பிப் போய்க் கொடுத்துட்டு வரேன்."

"யாரு கடைக்குப் போனா?"

அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

"யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு?"

மனுஷன் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மாடி இறங்கி, கடைக்குப் போய், மூன்று மாடி ஏறுகிறாள். அப்படி ஏறுகிற காலுக்கு முப்பது விநாடியில் எட்டு என்பது நடக்காத பேச்சு. பன்னிரண்டு வந்ததும் நிறைவு என்று எழுதியவள் நான். பன்னிரண்டு வந்தால் தாள் நின்றுவிடும். அதனால் எட்டு.

அத்தான் பையிலிருந்து ஆறு தாள்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். இதுவரை எண்கள் இருந்த பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். படங்கள் இருந்த பாதியில், ஒவ்வொரு பொம்மைக்கும் நீலப் பேனாவால் கழுத்து. முதல் வாரத்துத் தாளிலிருந்தே.

பேக்கரியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புதுத் தாளை அங்கேயே எழுதினேன். பன்னிரண்டு பற்றிய வரி இல்லை. அதற்குப் பதில்: "எத்தனை வந்தாலும் தாள் வரும். 23ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் ஒரு சோதனை. நான் பக்கவாட்டில், அரை அடி பின்னால்தான் நிற்பேன். முன்னால் வந்து நிற்க மாட்டேன்."

மே 16, சனி

ஃபோட்டோ வரவில்லை.

மே 17, ஞாயிறு

வரவில்லை. அத்தான் ஃபோனை எடுக்கவில்லை. நேராக எழுதியிருக்கக் கூடாதோ? அவள் தெரியாத மாதிரி இருந்தாள், நானும் தெரியாத மாதிரியே இருந்திருக்கலாம். எட்டு எட்டு என்று வருஷம் முழுக்க வந்திருக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இருந்ததா?

மே 20, புதன்

அக்கா, ஒரு எண்ணாவது எழுதேன்.

மே 23, சனி

முதலில் குழுப் பயிற்சி. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து எட்டுப் பேர். அவர்களுக்கு வலது, எனக்கு இடது. யாரும் முட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் மூச்சை ஆற்றும் பயிற்சியில் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, எல்லாரும் மூடிய பிறகு நான் வாசலைப் பார்த்தேன். பத்து மணி. பத்து ஐந்து.

பத்து பன்னிரண்டுக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் படியேறி வந்தாள். பின்னால் அத்தான் பையோடு. தலை பாதி நரைத்திருக்கிறது. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. விசிலைப் பார்த்து, "எந்த நாற்காலி?" என்றாள்.

நான் போய் அவள் வலது பக்கம், ஆபரேஷன் ஆன முட்டிப் பக்கம், அரை அடி பின்னால் நின்றேன். கை அவள் முழங்கைக்குப் பக்கத்தில், தொடாமல். அங்கிருந்து அவள் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. விசில் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். லிஃப்ட் குரல் எங்கே போனதோ, எனக்கே கேட்காத ஒரு குரலில் எண்ணினேன். ஆறு. ஏழு. எட்டு.

எட்டில் நிற்கவில்லை. ஒன்பதுக்கு எழுந்து நின்றபடியே, திரும்பாமல் சொன்னாள்:

"முன்னாடி வா. மூஞ்சி தெரியல."

"அக்கா, அங்க நிக்கக் கூடாது. இங்கதான் நிக்கணும்."

"வான்னா வாடி."

போனேன். முன்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். பேச்சில் போன நேரத்தையும் சேர்த்துப் பதின்மூன்று. அவளே எண்ணி முடித்தாள். என்னால் முடியவில்லை.

மே 30, சனி

அக்கா வீட்டில் சாப்பாடு. ஜன்னல் ஓரம் அப்பாவின் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. இருவரும் அதைப் பார்த்தோம். அவரைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசுவோம். அவள் சாம்பார்க் கரண்டியோடு எழுந்து நிற்கும்போது, சோற்றைப் பார்க்காமல் நான் அவள் முட்டியைப் பார்க்கிறேன் என்று திட்டு வாங்கினேன்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. இரண்டிலும் தேர்ச்சி. தனிநபர் பயிற்சியின் கீழே விசிலின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: பயிற்சியாளர் நின்ற இடம் தவறு, இரண்டு மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "நான்தானே வரச் சொன்னேன், உனக்கு ஏன் குறைக்கணும்? அவ ஃபோன் நம்பரைக் கொடு" என்றாள்.

வேண்டாம், குறைத்தது சரிதான் என்றேன்.